கிச்சோமென்: பாராட்டா, குத்தலா?

#1 மூன்றாம் தடவை (செவ்வாய், இரவு 11.40)

வணக்கம். யொகொஹாமாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வரும் டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சநிலையான என்1 தேர்வு எழுதப் போகிறேன். எத்தனையாவது முறை என்பது என் பெயரிலேயே இருக்கிறது.

இன்று மாலை ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் நாற்காலிகளை மேசைக்குள் தள்ளி வரிசையாக்கிவிட்டு, வெண்பலகைப் பேனாக்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு பழக்கம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் சிரித்தபடியே, "ஹென் ந தொகொரோ தெ கிச்சோமென் தெசு நே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிச்சோமென் என்ற சொல் என் மனப்பாட அட்டையில் இருக்கிறது. "எதையும் ஒழுங்காக, முறையாகச் செய்பவர்" என்று எழுதிவைத்திருக்கிறேன். நல்ல சொல்தானே? ஆனால் முன்னால் "விசித்திரமான இடத்தில்" என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "விசித்திரமான இடத்திலெல்லாம் ஒழுங்கு பார்க்கிறீர்களே." இது பாராட்டா, குத்தலா? பதிலுக்கு நான் "நன்றி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

#2 இரவுப்பணி (புதன், காலை 6.15)

பணி முடிந்து வந்ததும் படித்தேன் தம்பி. அந்தச் சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், அது நல்ல சொல்தான்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய திறன் பணியாளர் விசாவில் வந்தவள். யார் எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தோம், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று எல்லாவற்றையும் இங்கே எழுதியாக வேண்டும். வந்த புதிதில் என் பதிவேட்டைப் பார்த்த மூத்த செவிலி "கிச்சோமென் ந ஜி தெசு நே" என்றார். ஜி என்றால் எழுத்து. என் எழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். அழகு என்றால் "கிரெய்" என்றிருப்பார். ஒரே அளவில், கட்டத்தைத் தாண்டாமல், அவசரத்திலும் சிதறாமல் இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. முத்து முத்தாக எழுதுகிறவர்கள் எல்லோரும் கிச்சோமென் இல்லை. கோழி கிளறினாற்போல் எழுதுகிற யாரும் கிச்சோமென் இல்லை.

உங்கள் மேலாளர் சேர்த்த வால்தான் வேறு கதை. "இந்த இடத்தில் இவ்வளவு கிச்சோமென், அப்படியானால் அந்த இடத்தில் ஏன் இல்லை?" என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

#3 கணக்குப்பிள்ளை (புதன், காலை 9.02)

சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் குழப்பமே வராது. மூன்று எழுத்துகள். நடுவில் இருக்கும் "சோ" கணக்கேடு. தெச்சோ என்றால் கைக்குறிப்பேடு. ட்சூச்சோ என்றால் வங்கிப் பாஸ்புக். பிள்ளைகள் கைச்செலவை எழுதிவைக்கும் நோட்டு கொஸுகாய்ச்சோ. எடோ காலத்து வணிகர்களின் பேரேட்டுக்கு தாய்ஃபுகுச்சோ என்று பெயர். கடையில் தீப்பிடித்தால் அந்தப் பேரேட்டைத்தான் முதலில் கிணற்றில் எறிந்து காப்பாற்றுவார்களாம், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அதில்தானே இருக்கிறது.

முதல் எழுத்து "கி" என்றால் மேசை. கடைசி எழுத்து "மென்" என்றால் முகம், பக்கம். மேசைமேல் விரித்த கணக்கேட்டின் பக்கம். அதில் பைசா பிசகாமல் எழுதுகிறவன் கிச்சோமென். இருபது ஆண்டுகளாகத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். எங்கள் குலத்துக்கென்றே பிறந்த சொல் இது. குத்தலாக இருக்க வாய்ப்பே இல்லை.

#4 உஜி ஆற்றங்கரை (புதன், மதியம் 1.20)

கணக்குப்பிள்ளை அண்ணா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. பல வருடங்களுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் வழுக்கி விழுந்தேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அந்த "சோ" எழுத்தின் இடப்பக்கத்தைப் பாருங்கள். அது துணியைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கம் இருப்பது "நீளம்" என்னும் எழுத்து, ஒலிக்காகச் சேர்ந்தது. ஆதியில் அதன் பொருள் தொங்கும் துணி, திரை. கொசுவலைக்கு இங்கே "காயா" என்கிறார்களே, அதை எழுதுவதும் கொசு என்ற எழுத்தோடு இதே எழுத்தைச் சேர்த்துத்தான். கொசுவலையில் யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஏடு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

"கிச்சோ" என்பது ஒரு பொருளின் பெயர். 794இல் தலைநகர் இன்றைய கியோத்தோவுக்கு வந்தது. அதிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் கடைசி வரையிலான ஹெயான் காலத்தில், பிரபுக்களின் மாளிகைகளில் உள்சுவர் என்பது அநேகமாகக் கிடையாது. பெரிய மரத்தரை, வரிசையாகத் தூண்கள், அவ்வளவுதான். அறை வேண்டுமென்றால் மூங்கில் தட்டியும் மடக்குத் திரையும் துணியும் வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதில் ஒன்று கிச்சோ. தரையில் ஒரு கனமான அடிக்கட்டை, அதில் நட்ட இரண்டு மெல்லிய கால்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், சட்டத்திலிருந்து தரை வரை தொங்கும் பட்டுத்துணி. தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பெண்கள் அதன் பின்னால் அமர்ந்துதான் வந்தவரோடு பேசுவார்கள். மூன்று ஷாகு, நான்கு ஷாகு என்று இரண்டு உயரம் உண்டு. நான்கு ஷாகு என்பது ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், அமர்ந்திருக்கும் ஒருவரை முழுதாக மறைக்கும் அளவு.

முராசாகி ஷிகிபு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சியின் கதையில் இந்தத் திரை இல்லாமல் காதலும் இல்லை, சண்டையும் இல்லை. கியோத்தோவில் நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆடை அருங்காட்சியகம் இருக்கிறது. கெஞ்சியின் மாளிகையை நாலில் ஒரு பங்கு அளவில் பொம்மைகளோடு கட்டிவைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் கையகல கிச்சோ நிற்கும்.

ஆக, கிச்சோமென்னில் இருக்கும் "மென்" ஏட்டின் பக்கமும் இல்லை, மனிதரின் முகமும் இல்லை. அந்தத் திரைத்தாங்கியின் கால்களில் மூலையைச் செதுக்கிய விதம். தச்சு வேலைச் சொல். அதற்குமேல் எனக்குத் தெரியாது, இழைப்புளி பிடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#5 கணக்குப்பிள்ளை (புதன், மதியம் 1.31)

திரைத்தாங்கியா? மேசைக் கணக்கைவிட இதுதான் எனக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. ஆனால் துணி உறுப்பைப் பார்த்தேன். இருக்கிறது. தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

#6 தச்சர் தெரு (புதன், இரவு 9.48)

இழைப்புளி பிடித்தது நான் இல்லை, அப்பா. பட்டறையில் அவர் உதிர்த்த மரச்சுருளில் விளையாடி வளர்ந்தேன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

நான் இருப்பது கோபேயில். இங்கே தச்சுக் கருவிகளுக்கென்றே தகெனாகா அருங்காட்சியகம் இருக்கிறது. 1984இல் தொடங்கினார்கள், 2014இல் ஷின்-கோபே நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் மாற்றினார்கள். அப்பா ஒரு மாதம் வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். கோயில், கோட்டை எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. அங்கேதான் நான்கு மணி நேரம் இருந்தார். ஜப்பானியத் தச்சர் இழைப்புளியைத் தன் பக்கம் இழுத்து இழைக்கிறார் என்பதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. நம் ஊரில் தள்ளுகிறோம். "இழுத்தால் உடம்பு எடை எங்கே போகும்?" என்று ரயிலிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். சதுரக் கட்டையின் மூலை கூராக இருந்தால் கையில் குத்தும், இடிபட்டால் சிலும்பு பெயரும், பட்டுத்துணி பக்கத்தில் தொங்கினால் இழை சிக்கும். அதனால் மூலையை மழுக்குவார்கள். இங்கே அதற்கு "மென்தொரி" என்று பெயர். மூலையை நேர்ச்சாய்வாகச் சீவி எடுத்தால் கிரிமென். உருட்டிவிட்டால் மாருமென். கிசோமென் என்பது அடுத்த படி: மூலையை உருட்டி, அந்த உருட்டின் இரண்டு பக்கமும் நேர்கோணத்தில் சின்னப் படி ஒன்றை வெட்டுவது.

எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. ஒரு காலுக்கு நான்கு மூலை. மூலைக்கு இரண்டு படி. எட்டுக் கோடுகள், அடியிலிருந்து நுனி வரை நூல் பிடித்தாற்போல் ஓட வேண்டும். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் விளக்கு வெளிச்சம் பட்டதும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்றே தனி வாய் வைத்த இழைப்புளி உண்டு. அந்தக் கால்களில் போட்ட வேலை என்பதால் அந்த மூலைக்கே கிசோமென் என்று பெயர் வந்துவிட்டது. பிறகு கோயில் தூண், மரச்சாமான் என்று எங்கே அப்படி வெட்டினாலும் அதே பெயர். அதற்கும் பிறகுதான் மரத்திலிருந்து மனிதருக்கு ஏறியது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. இந்த வேலை திரையில் இல்லை, பட்டில் இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கும் அழகியிடமும் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் காலின் மூலையில் இருக்கிறது.

#7 இரவுப்பணி (வியாழன், காலை 6.30)

மென்தொரி சமையலறையிலும் உண்டு! எங்கள் இல்லத்துச் சமையல்காரர் முள்ளங்கியையும் பூசணியையும் துண்டு போட்ட பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் கத்தியால் மெல்லச் சீவுவார். கூர்விளிம்பு இருந்தால் வேகும்போது ஒன்றோடொன்று உரசிக் கரைந்து குழம்பைக் கலக்கிவிடுமாம். நூற்றுக்கும் மேல் துண்டுகள், தினமும். அவரை எல்லோரும் கிச்சோமென் என்றுதான் சொல்வார்கள். தற்செயலாகச் சொல்கிறார்களா, தெரிந்தே சொல்கிறார்களா என்று இன்று கேட்கப் போகிறேன்.

#8 வெண்பாப் பித்தர் (வியாழன், காலை 10.10)

முதலில் ஒரு குறை. தலைப்பில் "கிச்சோமென்" என்று ஒற்றுப் போட்டிருக்கிறீர்கள். தமிழில் ஒற்றுப் போடாவிட்டால் "கிஸோ" என்று வாய் போய்விடும் என்பதால் அப்படி எழுத வேண்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானியத்தில் அங்கே அழுத்தம் கிடையாது. உள்ளபடியே அழுத்திச் சொன்னால் "கிச்சோ" என்பது வேறு சொல், அதற்குப் பொருள் நற்சகுனம். தேர்வு எழுதும் தம்பி மேலாளரைப் பார்த்து நற்சகுன மூஞ்சி என்று சொல்லிவிடப் போகிறார். தச்சர் தெரு "கிசோமென்" என்று எழுதுகிறார். அது இன்னொரு வகைப் பிழை. இரண்டில் எது சிறிய பிழை என்று தீர்மானிக்க முடியாமல் நானும் கிச்சோமென் என்றே எழுதுகிறேன்.

இனி, தமிழில் என்ன சொல்வது? "ஒழுங்கானவர்" என்றால் நடத்தை ஒழுக்கத்தின் பக்கம் போய்விடுகிறது. "கறாரானவர்" என்றால் காசு, நேரம் இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் முகம் கடுகடுவென்று ஆகிவிடுகிறது. கிச்சோமென் மனிதர் பிறரிடம் கறாராக இருக்க வேண்டியதில்லை, தன் வேலையில் இருந்தால் போதும். "கனகச்சிதம்" வேலைக்குப் பொருந்தும், ஆளுக்குச் சொன்னால் உடம்பு அமைப்பைச் சொல்வதுபோல் இருக்கிறது. "நகாசு" என்று ஓர் அருமையான சொல் நம்மிடம் உண்டு. பொற்கொல்லர் கடைசியில் நகைமேல் செய்யும் நுண்வேலை. கிச்சோமென்னைப் போலவே கைவினையில் பிறந்த சொல். ஆனால் அது நகையைவிட்டு இறங்கி மனிதர்மேல் ஏறவே இல்லை. "நகாசான ஆள்" என்று யாரும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்து மிக அருகில் வருவது "நறுவிசு". என் பாட்டி வாயில் கேட்டது. தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் விதத்தையும் நறுவிசு என்பாள், அப்படி வைக்கிற மருமகளையும் நறுவிசு என்பாள். வேலை, ஆள் இரண்டுக்கும் ஒரே சொல். இப்போது யார் சொல்கிறார்கள்? நேரத்துக்கு வருபவனை மட்டும் நறுவிசு என்று சொல்ல முடியாது. அங்கே அது கிச்சோமென்னிடம் தோற்கிறது.

போகிறபோக்கில் இன்னொன்று. இதற்கு எதிராக ஜப்பானியத்தில் "ஸுசான்" என்று ஒரு சொல் உண்டு, கவனக்குறைவாக அரைகுறையாகச் செய்த வேலை. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் "து இயற்றியது" என்று வரும். சீனாவின் சொங் காலத்தில் து மோ என்றொரு கவிஞர், அவர் பாட்டுகள் யாப்புக்கு அடங்கவில்லை, அதனால் அவர் பெயரே அரைகுறைக்குப் பெயராகிவிட்டது என்பது ஒரு விளக்கம். தளை தட்டியதற்கு ஆயிரம் ஆண்டுத் தண்டனை. எனக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை.

#9 ஓ பிரிவு (வியாழன், மதியம் 12.45)

நான் சொல்லின் பிறப்புக்கு வரவில்லை, அது எனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்ல வந்தேன்.

இங்கே வந்த முதல் வாரம் மதிய உணவின்போது ரத்தப் பிரிவு என்ன என்று கேட்டார்கள். ரத்த தானம் செய்யக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து "ஓ" என்றேன். எல்லோரும் "ஆ, அதானே!" என்றார்கள். ஏ பிரிவு என்றால் கிச்சோமென், ஓ பிரிவு என்றால் ஓஸாப்பா, அதாவது மேலோட்டமாக வேலை செய்கிறவன் என்பது இங்கே ஊரறிந்த சாத்திரம். அன்றிலிருந்து நான் எதைச் சரியாகச் செய்தாலும் "ஓ பிரிவாக இருந்தும்" என்று ஆரம்பிக்கிறார்கள்.

இதை 1927இல் தொடங்கிவைத்தவர் ஃபுருகாவா தகெஜி என்ற கல்வியாளர். 1970களில் நோமி மசாஹிகோ எழுதிய நூல்களால் வீட்டுக்கு வீடு பரவியது. 10,000க்கும் மேற்பட்ட ஜப்பானியர், அமெரிக்கர்களின் விவரங்களை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது, ரத்தப் பிரிவுக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னது. அலுவலகத்தில் எடுத்துக் காட்டினேன். "இவ்வளவு தேடி எடுத்திருக்கிறீர்களே, நிஜமாகவே ஏ பிரிவு இல்லையா?" என்று கேட்டார்கள்.

ஜப்பானில் பத்தில் நான்கு பேர் ஏ பிரிவு. பத்தில் நான்கு பேர் கிச்சோமென் என்றால் எங்கள் அலுவலகக் குளிர்பெட்டி ஏன் அந்த நிலையில் இருக்கிறது?

#10 மூன்றாம் தடவை (வியாழன், இரவு 8.05)

எல்லோருக்கும் நன்றி. ஒரு சொல்லைக் கேட்டதற்குத் தச்சுப் பட்டறையே கிடைத்தது. தேர்வுக்காக ஒரு சந்தேகம்: மஜிமெ, மமெ, ஷின்கெய்ஷிட்ஸு, கிச்சோமென் இந்த நான்கையும் என் புத்தகம் ஒரே பக்கத்தில் ஒரே பொருளோடு போட்டிருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

#11 இரவுப்பணி (வெள்ளி, காலை 6.50)

எங்கள் இல்லத்து ஆட்களை வைத்துச் சொல்கிறேன், இலக்கணமாக எனக்குச் சொல்ல வராது.

ஒருவர் சிரிக்கமாட்டார், ஏமாற்றமாட்டார், சொன்ன வேலையை மனப்பூர்வமாகச் செய்வார். ஆனால் அவர் மேசை குப்பை. அவர் மஜிமெ. மஜிமெ மனதில் இருக்கிறது, கிச்சோமென் கையில் இருக்கிறது. இன்னொருத்தி முதியவர்களின் பிள்ளைகளுக்கு அடிக்கடி கடிதம் எழுதுவாள், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஓடுவாள். அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிற சுறுசுறுப்பு அது, மமெ. அவள் கடிதத்தில் மூன்று வரிக்கு ஓர் அடித்தல் இருக்கும், அதனால் மமெவுக்குக் குறைவில்லை. மூன்றாமவர் கதவுப்பிடியைத் தொட்டால் கை கழுவுவார், நாற்காலி நகர்கிற சத்தத்துக்கே துடித்துப்போவார். அது ஷின்கெய்ஷிட்ஸு. நரம்புக்குக் கஷ்டம், அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். கிச்சோமென் ஆளுக்கு நாற்காலி நகர்ந்தால் வலிக்காது, எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்காருவார்.

எதில் கிச்சோமென் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். "ஜிகான் நி கிச்சோமென்" என்றால் நேரத்தில். "ஒகானெ நி கிச்சோமென்" என்றால் பணத்தில்: பத்து யென் கடன் வாங்கினாலும் மறுநாள் காலை உறையில் போட்டுத் திருப்பித் தருகிறவர்.

சமையல்காரரிடம் கேட்டேன். கிச்சோ என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. "பழைய மேசையா?" என்றார். கணக்குப்பிள்ளை அண்ணா, உங்களுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

#12 உளவியல் மாணவி (வெள்ளி, மாலை 4.25)

இந்த இழையில் எல்லோரும் அந்தச் சொல்லைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு மருத்துவமனை வாழ்க்கையும் உண்டு.

கியூஷு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மனநல மருத்துவர் ஷிமோதா மிட்ஸுஸோ, 1930, 40களில் ஒரு குணவகையை விவரித்தார். எடுத்த வேலையைப் பாதியில் விட முடியாதவர்கள், கடமையுணர்ச்சி மிகுந்தவர்கள், எதையும் முறைப்படி முழுமையாகச் செய்கிறவர்கள். ஓய்வு தேவை என்று உடம்பு சொன்ன பிறகும் அவர்களின் ஈடுபாடு தணிவதில்லை, களைப்பு சேர்ந்து சேர்ந்து ஒருநாள் மனச்சோர்வு நோயில் விழுகிறார்கள் என்றார். "ஷூச்சாகு" குணம் என்று அதற்குப் பெயரிட்டார், விடாப்பிடி என்று பொருள். 1961இல் ஜெர்மனியில் ஹூபெர்ட்டுஸ் டெல்லென்பாக் இதை வேறு பாதையில் வந்து தொட்டார். ஒழுங்குக்குள் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும் மனிதர் என்று அவர் வரைந்த சித்திரம் அவருடைய நாட்டைவிட ஜப்பானில்தான் அதிகம் பேசப்பட்டது. இரண்டையும் விளக்கும்போது இங்கே மருத்துவர்கள் தவறாமல் சொல்லும் சொல் கிச்சோமென்.

அந்தக் குணம் இருந்தால் நோய் வரும் என்று இன்று யாரும் அப்படியே சொல்வதில்லை. நான் சொல்ல வருவது சொல்லின் சுவையைப் பற்றி. வேலைக்கான நேர்காணலில் உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்பது இங்கே வாடிக்கை. பலத்துக்கு கிச்சோமென் என்று சொல்லிவிட்டு, பலவீனத்துக்கு அதையே திருப்பிப் போட்டு "எதையும் இரண்டு முறை பார்க்காவிட்டால் எனக்குக் கவலை தீராது" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான். வெண்பாப் பித்தர் ஐயா, உங்கள் பாட்டி நறுவிசு என்று சொன்ன மருமகள் எத்தனை மணிக்குப் படுத்தாள்?

#13 வெண்பாப் பித்தர் (வெள்ளி, மாலை 5.00)

அந்த மருமகள் என் அம்மா. நான் விழித்திருந்து பார்த்ததில்லை.

#14 தச்சர் தெரு (வெள்ளி, இரவு 10.15)

மாணவி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் எனக்கு ஓர் உறுத்தல். கிசோமென் என்பதை ஒரு மனிதர் முழுக்கப் பரவியிருக்கும் குணமாக எல்லோரும் பேசுகிறோம். அப்பாவின் பட்டறையில் உளிகள் அளவு வாரியாகத் தொங்கும், கொட்டாப்புளி வைத்த இடத்தில்தான் இருக்கும், இருட்டில் கை நீட்டினாலும் கிடைக்கும். வீட்டில் அவருடைய கண்ணாடியை நாங்கள் மூன்று பேர் தேட வேண்டும். சட்டையைக் கழற்றினால் விழுந்த இடம்தான். அவர் கிசோமென்னா இல்லையா?

அவர் செய்த நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்க மூலையும் மழுக்கியிருக்கும். "அதை யார் தொடப்போகிறார்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். "துடைக்கிறவள் தொடுவாள்" என்றார்.

ஆக எல்லோருமே ஏதோ ஓர் இடத்தில்தான் கிசோமென். அந்த மேலாளர் "விசித்திரமான இடத்தில்" என்று சொன்னதில் எனக்கு விசித்திரம் எதுவும் தெரியவில்லை. அந்தச் சொல்லே ஒரு மூலையில் பிறந்ததுதானே.

#15 உஜி ஆற்றங்கரை (சனி, காலை 8.30)

துடைக்கிறவள் தொடுவாள்! இதைப் படித்துவிட்டு இன்று காலையில் வீட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

அந்தத் திரையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கிச்சோவில் தொங்குவது ஒரே அகலத் துணி இல்லை. நான்கு ஷாகு உயரத்துக்கு ஐந்து பட்டைகள், மூன்று ஷாகுக்கு நான்கு. பட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பார்கள், ஆனால் நடுப்பகுதியில் கொஞ்சம் தைக்காமல் விட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவள் விரலால் விலக்கி வெளியே பார்க்க. வெளியே இருப்பவனும் உள்ளே பார்க்க முயல்வான், அது வேறு. அந்தப் பிளவுக்குப் பெயர் "ஹொகொரொபி". இன்றைக்கு அந்தச் சொல்லுக்குத் தையல் பிரிதல், விரிசல், குறை என்று பொருள். எட்டுக் கோடும் பிசகாமல் ஓடும் கால்களில், வேண்டுமென்றே பிரித்துவிட்ட தையலோடு ஒரு துணி தொங்கியிருக்கிறது.

#16 கணக்குப்பிள்ளை (சனி, காலை 11.11)

மூன்று நாட்கள் பரிசீலித்ததில், என் கணக்கேட்டுக் கொள்கையை முறைப்படி திரும்பப் பெறுகிறேன். தணிக்கைக் குறிப்பு: துணி உறுப்பு, கொசுவலை, எட்டுக் கோடு மூன்றும் சரிபார்க்கப்பட்டன. சமையல்காரர் தன் நிலைப்பாட்டைத் தொடரலாம்.

#17 மூன்றாம் தடவை (திங்கள், இரவு 9.20)

கடைசியில் மேலாளரிடமே கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று கேட்க ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறியது, நான் சொல்லும் கிழமையே தவறு, அவர் சொன்னது செவ்வாய்க்கிழமை. "அதேதான்!" என்று சொல்லி என் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து காட்டினார்.

இங்கே கூட்ட அழைப்பில் தேதி போட்டால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிழமையும் போடுவது வழக்கம், உங்களுக்குத் தெரியும். நானும் போடுகிறேன். கடந்த இரண்டு மாதங்களில் நான் அனுப்பிய பதினொரு அழைப்புகளில் நான்கில் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமே இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் சத்தமில்லாமல் திருத்தி மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். நான்கிலும் அட்டவணைக் கோடுகள் மட்டும் ஒரே தடிமனில், ஓரம் பிசகாமல் இருந்தன. அதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த வாக்கியம் தோன்றியதாம்.

"அப்படியானால் அது குத்தல்தானா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேனாக்களை அடுக்கியது எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது" என்றார். இரவுப்பணி அக்கா, அந்த இடம் எது என்று யோசிக்கச் சொன்னீர்கள். கிடைத்துவிட்டது.

#18 இரவுப்பணி (செவ்வாய், காலை 6.20)

நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள் தம்பி. டிசம்பர் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வேறு கிழமையில் போய் நிற்காதீர்கள்.

#19 வெண்பாப் பித்தர் (செவ்வாய், காலை 9.40)

தச்சர் தெரு மட்டும் கடைசி வரை ஒற்று இல்லாமலே எழுதியிருக்கிறார். நெறியாளர் கவனிக்கவும்.

#20 தச்சர் தெரு (செவ்வாய், மதியம் 1.05)

அது மழுக்கிய மூலை ஐயா. விட்டுவிடுங்கள்.